சண்டே மார்க்கெட்டில் கிடைத்த கத்தியும் வைத்திக்குப்பத்தில் கிடைக்காத கத்தியும்

பையிலிருக்கும் ஈரச்சட்டையைக்கூட இன்னும் வெளியே எடுக்கவில்லை. நேற்று ராத்திரி பத்தரைக்கு விருத்தாசலம் வந்து இறங்கினேன். வந்ததும் செய்த முதல் வேலை, ஊறுகாய் பாட்டில் மூடியில் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றி, புதுச்சேரியில் வாங்கிய மடக்குக் கத்தியின் மூட்டுப் பக்கத்தை அதில் அமிழ்த்தி வைத்ததுதான். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டுக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எங்கே என்ன கிடைக்கும் என்று வரிசையாக எழுதித் தருவதாக, என்னைப்போல் மடக்குக் கத்தி சேர்க்கிற நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வரிசை வருமா தெரியவில்லை. மனசு முழுக்க ஒரு ஆயாவின் கத்திதான் இருக்கிறது.

முதலில் பஸ்ஸைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். நவம்பர் கடைசி ஞாயிறு, விடிகாலை ஐந்து மணி, நல்ல மழை. ஏறிய பஸ்ஸில் என் சீட்டுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. இடம் மாறி உட்கார்ந்தால் அங்கே ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி நின்றது, கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை. நெய்வேலி தாண்டுவதற்குள் இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. வடலூரில் ஆள் ஏற்றுவதற்காக இருபத்தைந்து நிமிஷம் நின்றார்கள். கேட்டதற்கு, "அவசரம்னா கார்ல போ" என்றார் கண்டக்டர். என் மடியில் ஒரு அம்மா தன் பேரனை உட்கார வைத்திருந்தார், அதனால் பதில் பேசாமல் விட்டேன். கடலூர் போய்ச்சேர இரண்டே முக்கால் மணி நேரம். சுமார் 60 கிலோமீட்டருக்கு இது அநியாயம். மழைக்காலத்தில் ஓட்டுகிற பஸ்ஸுக்குக் கூரையை அடைத்துவிட்டு அனுப்பக்கூடாதா?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 25 கிலோமீட்டர் அளவுதான். அடிக்கடி பஸ் உண்டு, அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அடுத்தது ஆரம்பித்தது. காந்தி வீதிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் 200 கேட்டார். பேசி 150-க்கு ஏறினேன். இறங்கும்போது, "தண்ணிக்குள்ள ஓட்டிட்டு வந்தேன் சார், இன்னும் முப்பது" என்றார். தரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அந்த 150-ஏ அதிகம். உங்களுக்குச் சொல்கிறேன், டெம்போவில் ஏறுங்கள். மழை இல்லாவிட்டால் நடந்தே போய்விடலாம். மொத்தம் 1,500 ரூபாய் எடுத்துக்கொண்டு கிளம்பியவனுக்குக் காலை ஒன்பது மணிக்கே பத்தில் ஒரு பங்கு ஆட்டோவுக்குப் போனால் எப்படியிருக்கும்?

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தை பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பெரும்பாலும் துணி, செருப்பு, பிளாஸ்டிக்தான். நமக்கு வேண்டியவர்கள் ஓரமாகச் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள்: பழைய ஸ்பேனர், கதவுக் கீல், பித்தளைக் குழாய், சாவியில்லாத பூட்டு. அப்படிப்பட்ட நான்கு விரிப்புகளைக் கிளறினேன். ஐந்தாவதில், தார்ப்பாய்க்கு அடியில், துருப்பிடித்த தகரத் துண்டு மாதிரி ஒன்று கிடந்தது. புரட்டிப் பார்த்தேன். பிடியில் ஒரு உருவம், உடம்பை மூடிய இலைப் பாவாடை, தலையில் கூம்புத் தொப்பி. கை நடுங்கிவிட்டது. டூக்-டூக்!

இதைப் பற்றி எழுத எனக்குப் பத்துப் பக்கம் வேண்டும். பிரான்சில் தியேர் என்று கத்திக்கே பேர்போன ஊர். அங்கே கொன்யே குடும்பத்துப் பட்டறை 1929-ல் கொண்டுவந்த கத்தி இது. பசிபிக் தீவுகளில் விற்க நினைத்துச் செய்தார்கள். அந்தத் தீவுகளின் ஆவி உருவம் ஒன்றைப் பிடியில் பொறித்து, அதன் பெயரையே கத்திக்கும் வைத்தார்கள். மரமில்லை, கொம்பில்லை. ஒரே இரும்புத் தகட்டை மடித்து வளைத்ததுதான் பிடி. உள்ளே கெட்டியான ஒரு வில் (ஸ்பிரிங்), கார்பன் ஸ்டீல் அலகு, வாலில் கயிறு கோக்க ஒரு வளையம். அவ்வளவுதான். ஏழை வாங்குகிற விலையில், ஏழைக்கு உழைக்கிற மாதிரி செய்தது. வட ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்களிலெல்லாம் இது சட்டைப்பையில் இருந்தது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர்களை இங்கே 'சொல்தா' என்பார்கள். அவர்களில் யாரோ ஒருவர் அல்ஜீரியா பக்கம் இருந்துவிட்டு வரும்போது கொண்டு வந்திருப்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

"பிரெஞ்சுக்காரன் காலத்து சாமான் சார். எண்ணூறு."

"திறக்கவே இல்லையேண்ணே. உள்ள அலகு இருக்குதான்னே தெரியல."

கால் மணி நேரம் பேசி 450-க்கு முடிந்தது. காசை வாங்கியவர் கத்தியை என் கையில் தராமல் சாக்கின் மேல் வைத்து, "எடுத்துக்க சார்" என்றார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். பிரான்சிலும் இதே பயம் உண்டு. அங்கே கத்தியைப் பரிசாக வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு காசாவது கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உறவு அறுந்துவிடுமாம்.

பிறகு கடற்கரைப் பக்கம் பழம்பொருள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். போயிருக்க வேண்டாம். கண்ணாடிப் பெட்டி, சிவப்பு வெல்வெட், அதன்மேல் ஒரு லயோல் கத்தி. 'நூறு வருஷத்து பிரெஞ்சு அசல்' என்று சீட்டு, விலை 7,500. லயோல் என்பது ஒரு கம்பெனியின் பெயர் கிடையாது, தெற்கு பிரான்சில் ஒரு ஊர். அந்தப் பாணிக் கத்தி 1829 வாக்கில் அங்கே பிறந்தது என்பார்கள். பெயருக்கு நெடுங்காலம் காவல் இல்லாததால் உலகம் முழுக்க யார் யாரோ செய்து அந்தப் பெயரை அடித்தார்கள். லயோல் கத்தியின் முதுகில் ஒரு தேனீ உருவம் இருக்கும், அதைப் பாருங்கள். நல்ல பட்டறையில் அந்தத் தேனீயைத் தனித்தனியாக அரம் போட்டுச் செதுக்குவார்கள். இதில் அச்சில் வார்த்து ஒட்டவைத்த மொண்ணைப் பூச்சி இருந்தது. கைப்பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி. மூடினால் அலகு வில்லில் போய் மோதுகிறது. நூறு வருஷம் எங்கிருந்து வந்தது? இருநூறு ரூபாய்க்கு மேல் அதற்குத் தரக்கூடாது. வெளிநாட்டுப் பயணி ஒருவர் அதையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தேனீயைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். கடைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

இதற்குள் மணி ஒன்றரை. வைத்திக்குப்பம் பக்கம் ஒரு சந்தில், போர்டு இல்லாத ஒரு வீட்டு மெஸ்ஸைப் பழக்கடைக்காரர் காட்டினார். திண்ணையில் ஐந்து பேர் உட்காரலாம். நெத்திலிக் குழம்பு, சுறாப்புட்டு, இறால் தொக்கு, ரசம், சோறு கேட்கக் கேட்க. 180 ரூபாய். அந்தக் குழம்பில் மாங்காய் போடவில்லை, நல்ல பழைய புளி. நெத்திலி ஒன்றுகூட உடையாமல், எண்ணெய் மேலே மிதக்க, மண்சட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். சுறாப்புட்டில் பூண்டும் மிளகும் சரியாக நின்றன. மூன்று முறை சோறு வாங்கினேன். கடற்கரை ரோட்டு ஓட்டல்களில் இதற்கு மூன்று மடங்கு கொடுத்தும் இந்தச் சுவை எனக்குக் கிடைத்ததில்லை.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். அந்த வீட்டு ஆயா, எழுபதுக்கு மேல் இருக்கும், முக்காலியில் உட்கார்ந்து இறாலின் முதுகைக் கீறி நரம்பெடுத்துக்கொண்டிருந்தார். கையில் மரப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி. பிடி மீன் எண்ணெயில் ஊறிக் கருங்காலி மாதிரி ஆகியிருந்தது. அலகு தேய்ந்து தேய்ந்து, இரண்டு ஈர்க்குச்சி அகலம்தான் மிச்சம்.

"ஆயா, அந்தக் கத்தியைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

"இதுவா? எங்கப்பா சைகோன்லேர்ந்து கொண்டாந்தது தம்பி. சொல்தாவா இருந்தாரு. அம்பத்துமூணுல வந்தாரு, நான் அப்ப கைக்கொழந்த."

சைகோன் என்றால் அப்போது பிரெஞ்சுப் பட்டாளம் இருந்த வியட்நாம் ஊர். கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அலகின் அடியில், பாதி அழிந்தும் தெரிந்தது, மூன்று விரல் நீட்டிய கையும் மேலே ஒரு கிரீடமும். ஒப்பினேல்! அந்தக் கை, சேன் ழான் தெ மொரியேன் ஊர்ச் சின்னத்திலிருந்து எடுத்தது. கிரீடம், ஆல்ப்ஸ் மலைப் பக்கம் இருந்த சவோய் நாட்டுக்கு உரியது. சவோய் மலையில் கோடாலி, அரிவாள் செய்கிற கொல்லர் வீட்டில் பிறந்த ழோசேப் ஒப்பினேல் 1890-ல் இந்தக் கத்தியைச் செய்தார். 1909-ல் இந்த முத்திரையைப் பதிவு செய்தார். என் சட்டைப்பையில் இருப்பதும் ஒப்பினேல்தான், அதே அளவு, எண் 8, அலகு 8.5 செ.மீ. என்னுடையதில் கழுத்தில் திருகுகிற வளையம் உண்டு, திருப்பிவிட்டால் அலகு மடங்காது. அந்த வளையம் வந்தது 1955-ல். ஆயாவின் கத்தியில் வளையம் இல்லை. 53-ல் கப்பலில் வந்த கத்தியில் எப்படி இருக்கும்? புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த 1954 நவம்பர் 1-க்கும் முன்னால் இந்தச் சந்துக்குள் வந்த கத்தி, நேற்றும் இறால் உரித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆயா கத்தியை வாங்கி மடக்கி வைத்துவிட்டு இறாலை அலசப் போனார். திரும்பி வந்து திறக்கப் பார்த்தால் அலகு வரவில்லை. மழைக்காலத்தில் இந்தக் கத்திக்கு உள்ள ஒரே குறை அது. மரம் ஈரம் குடித்து ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். என்னுடையதும் அன்று காலையிலிருந்து அப்படித்தான் மாட்டிக்கொண்டு கிடந்தது. ஆயா யோசிக்கவே இல்லை. மடக்கிய கத்தியைப் பிடித்து, பிடியின் வாலை அம்மியின் விளிம்பில் டக்கென்று ஒரு தட்டு தட்டினார். நுனி தானாக வெளியே எட்டிப் பார்த்தது. விரலால் இழுத்துத் திறந்துவிட்டார்.

சவோய் மலைக்காரர்கள் செய்வது இதே தட்டுதான். பிரெஞ்சில் இதற்கு 'சவோய்க்காரன் அடி' என்றே பெயர். நான் படித்துத் தெரிந்துகொண்டதை ஆயா அப்பாவைப் பார்த்துக் கற்றிருக்கிறார், அப்பா சைகோனில் எந்தப் பட்டாளத்துக்காரனைப் பார்த்துக் கற்றாரோ. "யாரு சொல்லிக் குடுத்தாங்க ஆயா?" என்று கேட்டால், "இதுக்கு ஒருத்தர் சொல்லணுமா?" என்றார். அதே அம்மியில் என் கத்தியையும் தட்டினேன். திறந்துகொண்டது.

விலைக்குக் கேட்டேன், மறைக்கவில்லை. பையில் 600 ரூபாய்தான் மிச்சம், 2,000 தருகிறேன், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றேன்.

"இதக் குடுத்துட்டு நாளைக்கு எறாவ எதுல உரிக்கறது?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டதே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. என்னிடம் பதினான்கு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. அதில் நான்கு, வாங்கிய நாளிலிருந்து ஒரு வெங்காயம்கூட நறுக்கியதில்லை, டப்பாவில் துணி சுற்றிக் கிடக்கின்றன. அந்த வெல்வெட் பெட்டிக் கடைக்காரரைத் திட்டுகிற நானும் நான்கு கத்திகளுக்கு அதையேதான் செய்து வைத்திருக்கிறேன்.

கேட்டவர்களுக்காக இரண்டு விஷயம். பஸ்ஸில் கத்தி கொண்டுபோகலாமா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக்குத்தான் லைசென்ஸ் பேச்சு வருகிறது, அதிலும் வீட்டு வேலை, விவசாயக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. நம் கத்திகள் அதில் பாதிகூட இல்லை. ஆனால் விமானத்தில் கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டியில் போட்டு அனுப்புங்கள். அடுத்தது துரு. கடலூர், புதுச்சேரி காற்றில் கார்பன் அலகை ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்புள்ளி விழுந்திருக்கும். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். அதற்குப் பயந்து எவர்சில்வர் அலகு வாங்காதீர்கள். கார்பனில் வருகிற பதம் அதில் எனக்குக் கிடைத்ததே இல்லை, சாணை பிடிப்பதும் சுலபமில்லை.

திரும்பும்போது பஸ் நன்றாக இருந்தது, தூங்கிவிட்டேன். மொத்தச் செலவு 1,120.

இன்று காலை ஆறு மணிக்கு எண்ணெயிலிருந்து டூக்-டூக்கை எடுத்தேன். நகம் வைத்து இழுத்தால் வரவில்லை. மரக்கட்டையை அண்டக்கொடுத்து மெல்ல நெம்பினேன், கிர்ரென்று ஒரு சத்தம், திறந்துவிட்டது. உள்ளே அலகு முழுசாக இருக்கிறது! மேல்துருவை மண்ணெண்ணெயும் பொடி உப்புத்தாளும் வைத்துத் தேய்த்தேன், நன்றாகக் கழுவினேன், கல்லில் பத்து நிமிஷம் தீட்டினேன். தாளை அறுக்கிறது.

"என்னங்க, இதுல நெல்லிக்கா நறுக்கட்டுமா? ஊறுகாய்க்கு ரெண்டு கிலோ கெடக்குது" என்று கேட்டாள் என் மனைவி. நான் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். நெல்லிக்காய்த் துவர்ப்பு இரும்பில் பட்டால் கறுக்கும், இரும்புச் சட்டியில் முடிக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும். அப்படிக் கறுத்த அலகில் துரு சீக்கிரம் ஏறாது. பாதிக் கூடை முடிவதற்குள், நேற்றுவரை சாக்கில் கிடந்த அந்த அலகில் நுனியிலிருந்து நீலமும் கருப்புமாக நிறம் ஏற ஆரம்பித்திருக்கிறது. டப்பாவைத் திறந்து மற்ற நான்கையும் எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வைத்தேன். இன்னும் ஒரு கிலோ நெல்லிக்காய் இருக்கிறது.