கல்லாவுக்கு வந்த சி.எஸ்.

பொள்ளாச்சியில் எங்கள் பேக்கரிக் கல்லாவில் உட்கார ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ராத்திரி கணக்கு முடிக்கும்போது அஞ்சு ரூபாய்க் காசுகளை மட்டும் தனியாகக் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பையில் கட்டுவேன். வருஷத்துக்குக் கீழே வைரக்குறி இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா. ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா.

போன தை மாதம் அப்படித்தான் சி.எஸ். என்கிற சி.சுப்பிரமணியம் கிடைத்தார், பசுமைப் புரட்சிக் காலத்தில் மத்திய வேளாண் அமைச்சராக இருந்தவர். 2010இல் அவருடைய நூற்றாண்டுக்கு வெளியிட்ட காசு. நெற்றியும் மூக்கும் தேய்ந்து வழவழவென்று இருந்தது, ஓரத்தில் கருப்பாக அழுக்கு. தேங்காய் லாரிக்காரர் யாரோ டீக்கும் பன்னுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அப்புச்சியிடம் காட்டினேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம செங்குட்டைப்பாளையத்துக்காரருங் கண்ணு, பத்திரமா வெய்யி" என்றார்.

இதே நூற்றாண்டுக்கு நூறு ரூபாய் நாணயமும் உண்டு. கோயம்புத்தூரில் மச்சான் வைத்திருக்கிறார். 35 கிராம், பாதி வெள்ளி. அச்சையும் தகட்டையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அடித்து எடுப்பதால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். முன்பதிவு செய்து, அதில் எழுதியிருக்கிற நூறைவிட அதிகம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அழகான வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து ஒருத்தரும் ஒரு தேங்காய் பன் வாங்கியதில்லை. எனக்கு அந்த ஆறு கிராம் அஞ்சு ரூபாய்தான் பெரிசு.

அழுக்கைக் கழுவவில்லை. முன்பு தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக் காசு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போய்ச் செம்பு நிறத்தில் வெளுத்துவிட்டது. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். காசு சேர்க்கிறவர்கள் தயவுசெய்து புளி, எலுமிச்சை, சாம்பல் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

போன வாரம் இன்னொரு சி.எஸ். வந்தார், இதைவிடத் தேய்ந்து. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். அப்புறம் பஃப்ஸ் வாங்கிய பள்ளிக்கூடப் பையனுக்கு மீதிச் சில்லறையோடு அதையும் கொடுத்துவிட்டேன்.