கம்பளிக்குச் சாயம் ஏற்றுதல்: தண்டையார்பேட்டை மொட்டைமாடிக் குறிப்புகள்

ஜனவரி 29, வியாழன்

சாம்பல் நிறக் கம்பளி, எடை 1.4 கிலோ. ஊட்டிக் குளிருக்கு முழுக்கை மேல்கோட்டு ஆகப்போகிறது. முதல் வேலை, ஓரத்தில் நாலு இழை உருவிக் கொளுத்திப் பார்ப்பது. அசல் கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், கரி விரலில் பொடியாகும். உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் அக்ரிலிக்கோ பாலியஸ்டரோ கலந்திருக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரு சின்னத் துண்டைத் துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டு வைக்கலாம். கம்பளி கரைந்துவிடும், மிஞ்சுவதெல்லாம் கலப்பு. இது மிச்சமில்லாமல் கரைந்தது.

சாம்பல் மேல் வெளிர் நிறம் எதுவும் எடுபடாது. மெரூன் என்று முடிவு.

ஜனவரி 30, வெள்ளி

சாயத்துக்குப் பாரிமுனை பக்கம், நைனியப்ப நாயக்கன் தெரு. வெறுமனே ‘துணிச் சாயம்’ என்றால் பருத்திக்கானதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் சோடா உப்பில்தான் பிடிக்கும், அந்தச் சோடா கம்பளியை அரித்துவிடும். “அண்ணே, பட்டுக்குப் போடுற ஆசிட் சாயம் குடுங்க” என்று கேட்க வேண்டும். பட்டும் கம்பளியும் புரத இழை, இந்தச் சாயம் இரண்டிலும் பிடிக்கும். அடர்நிறத்துக்கு உலர்ந்த எடையில் 3 சதவீதம், அதாவது 42 கிராம். கூடவே புளிப்புக்கு எலுமிச்சை உப்பு 100 கிராம், புளிப்பின் அளவு பார்க்கப் பிஎச் தாள் ஒரு கட்டு.

தண்ணீரில்தான் வடசென்னைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு ஏறிய போர் தண்ணீர், போடுகிற புளிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும், சாயம் பாதியில் நின்றுபோகும். மெட்ரோ தண்ணீர் 45 லிட்டர் பிடித்து வைத்தாயிற்று. கம்பளி எடைக்கு 30 மடங்குக்கும் குறைந்தால் துணி மடிந்து நெருங்கி, திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.

ஜனவரி 31, சனி

கம்பளியின் நடுவில் 50 செ.மீ. சதுரம் ஒன்றை வெள்ளை பாலியஸ்டர் நூலில் ஓட்டுத்தையலாகப் போட்டோம். எவ்வளவு சுருங்குகிறது என்று பிறகு அதுதான் காட்டும். பாலியஸ்டரில் இந்தச் சாயம் ஏறாது, அதனால் நூல் வெள்ளையாகவே நிற்கும். ஓரத்து நைலான் பட்டையைப் பிரித்து எடுத்தாயிற்று. நைலான் சாயத்தைக் கம்பளிக்கு முந்தி இழுத்துக்கொள்ளும்.

இரவு வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டைச் சாறு கொஞ்சம் விட்டு ஊற வைப்பு. உள்ளே உலர்ந்த இடம் இருந்தால் அங்கே வெளுத்த திட்டு விழும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

60 லிட்டர் எவர்சில்வர் அண்டா. இனி இது சமையலுக்கு ஆகாது. அலுமினியம் வேண்டாம், புளிப்பில் அரிக்கும். சாயப்பொடியை முகக்கவசத்தோடு, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் குழைத்து, சுடுநீர் விட்டுக் கரைத்து, பழைய வேட்டித்துணியில் வடிகட்டினோம். கரையாத ஒரு பொட்டு போதும், துணியில் கரும்புள்ளி ஆகிவிடும்.

எலுமிச்சை உப்பில் 25 கிராம் முதலில். 40 டிகிரியில் கம்பளியை இறக்கி, நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாதபடி அடுப்பை வைத்தோம். 60க்கு மேல் சாயம் ஓடி ஓடிப் பிடிக்கும். அங்கே தீயைக் கூட்டினால் வெளிமடிப்பு கருத்து, உள்மடிப்பு வெளுத்து நிற்கும், பிறகு எதைப் போட்டாலும் சமமாகாது. சாயம் குறைந்து கெட்ட கம்பளியைவிடச் சூடு முந்திக் கெட்டதே அதிகம். நீளக் கழியால் அடியிலிருந்து மெல்லத் தூக்கித் திருப்ப வேண்டும், துழாவக் கூடாது. சூட்டோடு உரசலும் சேர்ந்தால் இழைகள் பின்னிக்கொண்டு கம்பளி அட்டையாகிவிடும்.

80 டிகிரியில் கம்பளியைக் கழியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீதிப் புளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விட்டு, பிஎச் 4.5 வந்ததும் நிறுத்தினோம். பிறகு 85–90இல் முக்கால் மணி நேரம், தளபுள கொதி கூடவே கூடாது. கடைசியில் வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்த தண்ணீரில் இளஞ்சிவப்புச் சாயல் மட்டும் இருந்தது. நிறம் இன்னும் திடமாக இருந்தால் பிஎச் பார்த்து, புளிப்பு குறைந்திருந்தால் சிட்டிகை சேர்த்து, இன்னும் கால் மணி நேரம் வைக்கலாம். மூடி போட்டு விடிய விடிய ஆற விட்டாயிற்று.

பிப்ரவரி 2, திங்கள்

அண்டாவும் அலசும் நீரும் ஒரே அளவு சூட்டில் இருக்க வேண்டும். அலசியதும் முறுக்காமல் வாஷிங் மெஷினின் டிரையர் தொட்டியில் இரண்டு நிமிடம் சுற்றல். ஒற்றைக் கொடியில் போட்டால் ஈர எடையில் நீண்டு தொங்கும். கயிற்றுக்கட்டிலில் விரித்து, நிழலில். எஞ்சிய சாயநீரில் சமையல் சோடா போட்டுப் புளிப்பை முறித்து, கழிவுநீர்க் குழாயில் விட்டாயிற்று. மழைநீர்க் கால்வாயில் விட்டால் நேரே பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும்.

பிப்ரவரி 5, வியாழன்

மெரூன் மேல் வெள்ளைச் சதுரம் பளிச்சென்று நிற்கிறது. நீளம் 48, அகலம் 49. வெட்டிய பிறகு சாயம் போட்டிருந்தால் கை நீளத்திலேயே இரண்டு செ.மீ.க்கு மேல் போயிருக்கும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்ததில் கறை இல்லை.

வெட்டும்போது எல்லாத் துண்டிலும் முடி ஒரே பக்கம் படிந்திருக்கட்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தில் இரண்டு நிறமாகத் தெரியும். 16ஆம் எண் ஊசி, தையல் நீளம் 3.5 மி.மீ. ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்தால் தடித்துப்போகும். ஒரே மடிப்பு, ஈரத்துணி போட்டு இஸ்திரி, மேலே மரக்கட்டையால் அழுத்தம்.