மும்பை சயானில் ஒரு முஸ்தபா பெட்டி: இதுவரை ஆன வேலை

வீட்டில் நானே செய்துகொண்டிருக்கிற, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டியில் நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு முதல் தடவையாக முழுக் கலரில் படம் வந்தது. மூன்று வாரமாகக் கறுப்பு வெள்ளை, அப்புறம் உருளுகிற படம், அப்புறம் மூலையில் ஊதாக் கறை என்று போய்க்கொண்டிருந்த வேலை. நான் தரையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி "இதுதானா அது?" என்று கேட்டாள். இதுதான் அது.

எங்கிருந்து வந்த ஆசை என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். 1997, 98 வாக்கில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அண்ணாச்சி ஒருவர் நாலு பெட்டி போட்டு வீடியோ கேம் கடை வைத்திருந்தார். ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். எனக்குக் கை எட்டாது, எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஏறி நின்று ஆடுவேன். எல்லாரும் முட்டி மோதுவது 'முஸ்தபா'வுக்கு. அந்த ஆட்டத்தின் பெயரே அதுதான் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பது அதன் உண்மைப் பெயர், 1993இல் ஜப்பானின் காப்காம் கம்பெனி ஒரு அமெரிக்கக் காமிக்ஸை வைத்துச் செய்தது. அதில் தேர்ந்தெடுக்கக்கூடிய நாலு பேரில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ. வேகமாக ஓடுவான், ஓடி வந்து உதைப்பான். நம்ம தெருவில் இருக்கிற பெயர் வேறு. அப்புறம் வேறு யாரை எடுப்பார்கள்?

முதலில் நான் போட்ட திட்டம் வேறு. இணையத்தில் கிடைக்கிற அமெரிக்கப் பெட்டிகளின் வரைபடங்களை இறக்கி, பக்கவாட்டில் பெரிய ஓவியம், மேலே விளக்குப் பலகை, உள்ளே எல்சிடி மானிட்டரும் ராஸ்பெர்ரி பை என்கிற கையகலக் கம்ப்யூட்டரும் என்று கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தேன். அப்போதுதான் ஒரு கல்யாண வீட்டில் அந்த அண்ணாச்சியைப் பார்த்தேன். இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். அந்தப் பெட்டியெல்லாம் எங்கேயிருந்து வரவழைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "வரவழைக்கவா? நம்ம ஆசாரி அடிச்ச பொட்டில்லா அது" என்றார். பிளைவுட்டை அறுத்து ஆசாரி அடித்தது, பங்கார்காரரிடம், அதாவது பழைய சாமான் கடைக்காரரிடம், வாங்கின டிவியைக் கழற்றிப் பிக்சர் ட்யூபை உள்ளே வைத்தது, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற லேமிங்டன் ரோட்டில் வாங்கின, ஆட்டம் அடங்கின சர்க்யூட் போர்டு. வெளியே நீல எனாமல் பெயின்ட், அவ்வளவுதான். ஓவியமும் கிடையாது, விளக்குப் பலகையும் கிடையாது.

அன்றைக்கு ராத்திரியே பழைய வரைபடங்களை எல்லாம் அழித்துவிட்டேன். நான் ஆடினதே இல்லாத ஒரு அமெரிக்கப் பெட்டியை எதற்காகச் செய்ய வேண்டும்? எனக்கு வேண்டியது ஆசாரி அடித்த அந்த நீலப் பெட்டி.

அண்ணாச்சி வீட்டுப் பரணில் இரண்டு போர்டு சாக்குக்குள் கிடந்தது. ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று முஸ்தபா. காசு வேண்டாம் என்றார், வற்புறுத்தி இரண்டாயிரம் கொடுத்தேன். அது அசல் போர்டு இல்லை, நகல். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அசலில் கியூசவுண்ட் என்ற ஸ்டீரியோ ஒலி உண்டு, அதை ஓட்டும் சிப்பின் நிரல் பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறக்கிற சாவி ஒரு சின்ன பேட்டரியின் தயவில் உயிரோடு இருக்கும், பேட்டரி தீர்ந்தால் சாவியும் போய்விடும். இதனால்தான் போர்டு சேகரிப்பவர்கள் அதைத் தற்கொலை பேட்டரி என்கிறார்கள். நகலில் அந்த பேட்டரியும் இல்லை, கியூசவுண்டும் இல்லை, பதிவுசெய்த துண்டு ஒலிகளை வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். அசலின் இசையை இணையத்தில் கேட்டுப் பார்த்தேன். அருமையாக இருக்கிறது, ஆனால் நான் கேட்டு வளர்ந்தது அது இல்லை. சந்து முனை வரைக்கும் கரகரவென்று வந்த சத்தம் இந்த நகல் போர்டின் சத்தம்தான். நல்லது, இதையே வைத்துக்கொண்டேன்.

போர்டின் ஓரத்தில் சீப்பு மாதிரி செம்புப் பற்கள் வரிசையாக இருக்கும், பக்கத்துக்கு 28, மொத்தம் 56. இதற்கு ஜாமா இணைப்பு என்று பெயர், 1985இல் ஜப்பானில் ஆட்ட இயந்திரம் செய்பவர்களின் சங்கம் கொண்டுவந்த பொதுமுறை. கரண்ட், படம், சத்தம், ஸ்டிக், பட்டன், காசு எல்லாம் இந்த ஒரே பிளக்கில் வந்துவிடும். ஒரே பெட்டியில் போன வாரம் ஒரு ஆட்டமும் இந்த வாரம் வேறு ஆட்டமும் அண்ணாச்சியால் போட முடிந்ததற்கு இதுதான் காரணம், போர்டை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகினால் போதும். ஆளுக்கு ஆறு பட்டன் கேட்கிற ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது மட்டும் தனியாக இன்னொரு வயர்க் கொத்து தேவைப்பட்டது. முஸ்தபாவுக்கு இரண்டு பட்டன் போதும், அடி, குதி. இரண்டையும் சேர்த்து அமுக்கினால் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் விழுவார்கள், நம்முடைய உயிரும் கொஞ்சம் குறையும்.

முதல் சிக்கல் கரண்ட். பழைய கம்ப்யூட்டரில் கரண்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் ஒன்றில் ஐந்து வோல்ட் எடுத்துக் கொடுத்தேன். போர்டு எழுந்தது, இரண்டு நிமிஷம் ஓடியது, தானாக ரீசெட் ஆனது, மறுபடி எழுந்தது, மறுபடி ரீசெட். போர்டே கெட்டுவிட்டது என்று பயந்துபோனேன். மீட்டரை எஸ்எம்பிஎஸ் பக்கம் வைத்தால் சரியாக 5.0 காட்டுகிறது. போர்டின் பற்களிலேயே வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 4.6. நடுவில் இருக்கிற வயர் ஒல்லி. ஜாமாவில் ஐந்து வோல்ட்டுக்கு நாலு பல், கிரவுண்டுக்கு முதல் வரிசைகளிலேயே நாலு பல் என்று கொடுத்திருப்பார்கள், நான் வாங்கின ரெடிமேட் வயரில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வயர்தான் பற்றவைத்திருந்தார்கள். எல்லாப் பல்லுக்கும் தடிமன் வயர் போட்டேன். பற்களை வெள்ளை ரப்பரால் தேய்த்தேன், மும்பை ஈரக்காற்றில் இருபது வருஷம் கிடந்த செம்பு, ரப்பர் கறுப்பாகிவிட்டது. இப்போது 4.95. அதற்கப்புறம் ஒரு தடவைகூட ரீசெட் ஆகவில்லை.

அடுத்து டிவி. கோலிவாடா பக்கத்துப் பங்கார் கடையில் 21 இஞ்ச் டிவி ஒன்று 800 ரூபாய்க்குக் கிடைத்தது, பின்னால் வெளியிலிருந்து படம் கொடுக்கிற ஏவி இன்புட் இருந்தது. எல்சிடி ஏன் கூடாது என்று தம்பி கேட்டான். இந்த ஆட்டத்தின் படம் 384க்கு 224 புள்ளிகள், அதை எல்சிடியில் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாகக் கத்தரித்து ஒட்டினது மாதிரி இருக்கிறது. ட்யூபில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று லேசாகக் கரைந்து, கோட்டுக்குக் கோடு நடுவில் மெல்லிய இருட்டு தெரியும். ஆட்டத்தை வரைந்தவர்கள் அந்தத் திரைக்காகத்தான் வரைந்தார்கள். அதோடு போர்டு அனுப்புகிற கோடுகளின் வேகமும் வீட்டு டிவியின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் கோடு. ஆசாரி பெட்டிக்கு டிவி ட்யூப் பொருந்தினதன் ரகசியம் இதுதான்.

போர்டிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும். அதை ஏவிக்கு மாற்றுகிற சின்ன போர்டு ஒன்று போட்டேன். படம் வந்தது, கறுப்பு வெள்ளையில். மாற்று போர்டு என்டிஎஸ்சி என்ற அமெரிக்க, ஜப்பான் முறையில் கலர் அனுப்புகிறது, நம்ம டிவி பிஏஎல் (PAL) என்ற நம்ம ஊர் முறையில் உட்கார்ந்திருக்கிறது. மெனுவுக்குள் நாலு அடுக்கு போய் கலர் சிஸ்டத்தை மாற்றினதும் கலர் வந்தது, ஆனால் சிவப்பெல்லாம் தண்ணீர் பட்ட குங்குமம் மாதிரி வழிகிறது. எனக்கு அது திருப்தியாக இல்லை.

தெரிந்த டிவி மெக்கானிக் பாய் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், ட்யூப் டிவியைத் திறந்து கை வைக்கிற வேலையை நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். ட்யூபின் மேலே ரப்பர் மூடி போட்ட இடத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது தங்கியிருக்கும். பாய் முதலில் அதை கிரவுண்டுக்கு இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். சேனல் மாற்றும்போது திரையில் பச்சையாக எண் வரும் இல்லையா, அந்த எழுத்தை டிவி தனக்குள்ளேயே சிவப்பு, பச்சை, நீலமாகத்தான் போடுகிறது. அந்த வழியைப் பிடித்து அதில் நம்ம போர்டின் மூன்று வயரையும் தகுந்த ரெசிஸ்டர் வைத்துக் கொடுத்துவிட்டார். படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் சிங்க் மட்டும் பழையபடி ஏவி வழியாகப் போகிறது. முதலில் சிங்க் சரியாக உட்காராமல் படம் மேலே மேலே உருண்டது, அதையும் நேர் செய்தார். அரை நாள் வேலை, 600 ரூபாய் கேட்டார். அவர் செய்ததற்கு அது குறைவு.

வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தால் வலது மூலையில் ஊதாவும் பச்சையுமாகக் கறை. ட்யூபே போச்சு என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் ஸ்பீக்கர் கண்ணில் பட்டது. சாதாரண ஸ்பீக்கரை ட்யூபுக்கு ஒரு சாண் தள்ளி மாட்டியிருந்தேன், அதன் காந்தம் திரையைப் பிடித்திருக்கிறது. ஸ்பீக்கரை அடியில் கால் பக்கம் இறக்கிவிட்டு, டிவியை அணைத்து முக்கால் மணி நேரம் ஆறவிட்டுப் போட்டேன். போட்ட உடனே 'தும்ம்' என்று ஒரு சத்தம் வரும், திரையில் ஒட்டின காந்தத்தைக் கலைக்கிற சுருள் அது. இரண்டு மூன்று தடவை ஆறவிட்டு ஆறவிட்டுப் போட்டதில் கறை போய்விட்டது. அதுதான் நேற்று ராத்திரி பதினொன்றரை மணி.

பெட்டி முக்கால் இஞ்ச் பிளை. மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும். எங்கள் பில்டிங்கில் லிஃப்ட் இல்லாததால் மேல் பாதி, கீழ் பாதி தனித்தனியாகச் செய்து வீட்டுக்குள் போல்ட் போட்டேன். பட்டன் பலகையில் ஒரு தப்பு நடந்தது. ஓட்டையெல்லாம் 28 மில்லிமீட்டரில் போட்ட பிறகு வந்து சேர்ந்த பட்டன் 30 மில்லிமீட்டர். ஒவ்வொரு ஓட்டையாக அரம் வைத்துத் தேய்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. பட்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகு துளை போடுங்கள்.

காசு வாய் எனக்கு ரொம்ப முக்கியம். காசே போடாமல் ஃப்ரீ பிளே வைத்து ஆடினால் சாவதற்குப் பயமே இல்லை, மூன்றாவது கட்டத்தில் காரை ஓட்டி எதிரிகளை இடித்துத் தள்ளுகிற இடம் வரைக்கும் ஒரே ரூபாயில் போனவன் என்ற பெருமையும் இல்லை. வாங்கின காசு வாய்க்குள் ஒரு மாதிரிக் காசு வைக்க வேண்டும், போடுகிற காசு அதே மாதிரி இருந்தால்தான் உள்ளே விடும். அம்மா அரிசி டின்னில் போட்டு வைத்திருந்த பழைய ஒரு ரூபாய் ஒன்றை வைத்தேன், 1992இலிருந்து வந்த பெரிய எவர்சில்வர் காசு, 25 மில்லிமீட்டர். இப்போதைய சின்ன ஒரு ரூபாயைத் துப்பிவிடுகிறது. அந்தக் காசு அம்மா டின்னில் மொத்தம் 37 இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அம்மாவிடம் வந்து "ஆச்சி, பெரிய ரூபா குடுங்க" என்று கேட்கிறார்கள், அம்மா ஆளுக்கு இரண்டு என்று எண்ணிக் கொடுக்கிறாள். சாயங்காலம் பெட்டியைத் திறந்து நான் காசை எடுத்து டின்னில் திரும்பப் போட்டுவிடுகிறேன்.

பாக்கி இருப்பது: இரண்டாவது ஆளின் ஸ்டிக்கில் மேல் பக்கம் சில நேரம் எடுப்பதில்லை, மைக்ரோ சுவிட்ச் மாற்ற வேண்டும். பின்பக்கக் கதவுக்குக் காற்றுத் துளை. இரண்டாவது கோட் நீலம்.

இன்று மதியம் அண்ணாச்சி வந்திருந்தார். பெட்டியைச் சுற்றி வந்தார், பக்கத்துப் பலகையைத் தட்டிப் பார்த்தார், ஸ்டிக்கை நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். ஆடச் சொன்னேன், கடை நடத்தின இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஆடினதில்லையாம். யாரும் ஆடாதபோது தானாக ஓடுகிற டெமோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், வாசல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி நின்று சொன்னார்:

"சவுண்டு பத்தாதுய்யா. வெளிய கேக்கணும்லா."

ஆம்பிளிஃபையரைத் திருகிக்கொண்டே வந்தேன். படிக்கட்டு முனையில் நின்று அவர் கை காட்டின இடத்தில் நிறுத்தினேன்.