சிவப்புக் கோடு போட்ட வரி

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் ஞாயிறு பின்னேரம் தங்கையின் பயோப்சி ரிப்போர்ட்டோடு வந்தார். தங்கைக்கு 36 வயது. கர்ப்பப்பையிலிருந்து 8 சென்டிமீட்டர் ஃபைப்ரோயிட் (கான்சர் அல்லாத தசைக் கட்டி) ஒன்றை எடுத்திருந்தார்கள். "மைட்டோசிஸ்: பத்து ஃபீல்டில் ஏழு" என்ற வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு.

"பிள்ளை, இது கான்சர்தானே? நெட்டில வாசிச்சதிலிருந்து நித்திரையே இல்லை."

மைட்டோசிஸ் என்றால் கலம் பிரிவது. மைக்ரோஸ்கோப்பில் ஒரு தரத்தில் தெரியும் வட்டம்தான் ஃபீல்ட். அதில் பிரியும் கலங்களை எண்ணுவது என் அன்றாட வேலை. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து நான் ஒருநாளும் முடிவு சொன்னதில்லை. 1994இல் ஸ்டான்ஃபோர்டில் இப்படிக் குழப்பும் 213 கர்ப்பப்பைத் தசைக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். கலங்களின் உட்கருக்களின் உருக்குலைவு, பிரிவுகளின் எண்ணிக்கை, கட்டிக் கலங்கள் மாண்ட இடம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது அதிலிருந்து வந்த வழக்கம். மற்ற இரண்டும் இல்லாவிட்டால், இளம் வயதில் ஏழு மைட்டோசிஸ் இருந்தாலும் அது ஃபைப்ரோயிட்தான்.

மூன்றில் என்னைப் பயமுறுத்துவது மாண்ட இடம். இரத்தம் கிடைக்காமல் வாடிய ஃபைப்ரோயிட்டில் இறந்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவே தழும்பு மாதிரி ஒரு வெளிறிய பட்டை இருக்கும். சார்கோமா என்ற கான்சரில் அது கிடையாது. உயிருள்ள கலங்கள் சட்டென்று நின்றுவிடும். இறந்த பக்கத்தில் இரத்தக் குழாய்களைச் சுற்றி மட்டும் உயிருள்ள கலங்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பயிற்சிக் காலத்தில் ஒரு கட்டியின் வெள்ளையான, சுருள் சுருளான பகுதியிலிருந்து மட்டும் துண்டு எடுத்துவிட்டேன். என் ஆசிரியை ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு, "போய் கட்டி இருக்கிற வாளியைத் திற" என்றார். ஓரத்தில் மஞ்சளாக, மெத்தென்று, விரல்நுனி அளவில் ஓரிடம். அங்கேதான் லியோமயோசார்கோமா, அதாவது தசையில் வரும் சார்கோமா, இருந்தது. கட்டி 5 சென்டிமீட்டருக்குள், கர்ப்பப்பையைத் தாண்டவும் இல்லை. அந்த வகையில் நல்ல செய்தி. ஆனாலும் இது இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகிற வியாதி. நான் விட்டிருந்தால் அந்த அம்மாவின் நெஞ்சை யாரும் ஸ்கேன் பண்ணியிருக்க மாட்டார்கள். இன்றும் ஒவ்வொரு வாளியிலும் அந்த மஞ்சளைத் தேடுகிறேன்.

அதனால் அக்காவின் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடியது வேறு வரி. கட்டியை உள்ளே வைத்துத் துண்டு துண்டாக அரைக்காமல் முழுசாக எடுத்திருந்தார்கள். அதிலிருந்து ஒன்பது துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருந்தார்கள், சென்டிமீட்டருக்கு ஒன்றுக்கு மேல். உருக்குலைவு இல்லை, மாண்ட இடம் இல்லை.

"இதை வாசியுங்கோ அக்கா."

மூன்று தரம் வாசித்தார். அப்புறம் வாசல்படியில் நின்றே தங்கைக்கு ஃபோன் எடுத்தார்.