பித்தளை எழுத்தில் வேல்ஸ் பெயர்கள்

நீராவி எஞ்சின் படம் எது கிடைத்தாலும் நான் முதலில் பார்ப்பது பெயர்ப்பலகையின் ஸ்பெல்லிங்கைத்தான். அதுவும் வேல்ஸ் பெயர் என்றால் பெரிதாக்கிப் பார்க்காமல் விடமாட்டேன்.

1951இல் பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய பிரிட்டானியா வகுப்பு எஞ்சின்களில் 70010க்கு வைத்த பெயர் ஓவன் கிளெண்டவர். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து எழுந்த வேல்ஸ் தலைவனின் பெயர், ஆனால் எழுதியிருப்பது ஆங்கிலேயர் எழுதும் விதத்தில்! சரி, அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிடலாம் என்றால், அதே நிர்வாகம் 1956இல் அபரிஸ்ட்வித் பக்கம் ஓடும் ரைடல் பள்ளத்தாக்குக் குறுகிய பாதையின் குட்டி எஞ்சினுக்கு அதே மனிதரின் பெயரை ஓவைன் கிளிண்டூர் என்று வேல்ஸ் மொழியான வேல்ஷ் முறைப்படியே வைத்தது. பெரிய எஞ்சினின் பெயர் 1966இல்தான் வேல்ஷ் வடிவத்துக்கு மாறியது, அடுத்த ஆண்டே அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருடம் ஒரே முதலாளியிடம் ஒரே ஆள் இரண்டு பெயரில் ஓடியிருக்கிறார்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேல்ஸில் இருக்கும் ட்ரஸ்லுவின் கோட்டையின் பெயர். கோட்டையின் பெயரில் இன்று ஒரு 'எல்'தான். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி 1936இல் 5051ஆம் எஞ்சினுக்கு அந்தப் பெயரை வைத்தபோது இரண்டு 'எல்' போட்டது. மறு வருடமே ஒரு பிரபுவுக்கு இடம் கொடுத்து அது 'ஏர்ல் பாதர்ஸ்ட்' ஆகிவிட்டது, ஆனால் பழைய பெயர் வேறு எஞ்சின்களுக்குப் போய், கடைசியில் 1949இல் 7018இல் வந்து உட்கார்ந்தபோதும் இரண்டு 'எல்' அப்படியே இருந்தது. வேல்ஷ் தெரியாதவன் செய்த வேலை என்று சிரித்துவிட முடியாது. அந்தப் பெயருக்குள் இருக்கும், தோப்பைக் குறிக்கும் சொல் தனியாக வரும்போது இரண்டு 'எல்'தான், இன்னொரு சொல்லோடு சேரும்போதுதான் நம் புணர்ச்சி விதி மாதிரி அது மெலிந்து ஒன்றாகிறது. பாதி தெரிந்தவன் போட்ட எழுத்தாகத்தான் எனக்குப் படுகிறது.

வடக்கு வேல்ஸின் குறுகிய பாதையான ஃபெஸ்டினியோக் ரயில்வேயில் இன்னும் வேடிக்கை. 1832இல் அந்தக் கம்பெனியை உருவாக்கிய நாடாளுமன்றச் சட்டம் ஊர்ப் பெயரை ஒற்றை 'எஃப்' போட்டு எழுதிவிட்டது. வேல்ஷில் ஒற்றை 'எஃப்' என்றால் 'வ' ஒலி, அதாவது அந்தக் கம்பெனி சட்டப்படி 'வெஸ்டினியோக்'. இன்றைக்கும் கம்பெனியின் பெயர் அதுதான், விளம்பரங்களில் மட்டும் இரண்டு 'எஃப்'. அப்புறம், இந்தச் சண்டையே வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ, 1979இல் அவர்கள் பணிமனையிலேயே கட்டிய இரட்டைத்தலை (இரு முனையிலும் புகைபோக்கி உள்ள) எஞ்சினுக்கு ஒரு பக்கம் 'ஏர்ல் ஆஃப் மெரியோனெத்', மறுபக்கம் அதையே வேல்ஷில் மாட்டிவிட்டார்கள். புதிதாகச் செய்யும்போது இதுதான் சரியான வழி.

பழையதைத் திருத்துவது வேறு விஷயம். அதே பாதையில் 1879இல் கட்டிய 'மெர்தின் எம்ரிஸ்' என்ற எஞ்சின் இன்னும் ஓடுகிறது, இப்போதைய எழுத்துமுறைப்படி அது 'மிர்தின்' என்று இருக்க வேண்டும். அந்த ஒரு எழுத்தை மாற்றச் சொல்லி யாராவது மனு போட்டால், நான் எதிர்மனு போடுவேன்.