மனநல வார்டு நர்ஸின் நாட்குறிப்பு: ஜூலை, ஆகஸ்ட்

ஜூலை 21

காலை ரவுண்டில் ஜன்னலோரக் கட்டிலுக்கு நான் எப்போதும் கடைசியாகத்தான் போகிறேன். இன்றைக்குத்தான் அது உறைத்தது. அங்கே இருப்பவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, மேனியாவுக்காக, அதாவது அளவுமீறிய மனக்கிளர்ச்சிக்காகச் சேர்த்திருக்கிறார்கள். "ஏய் பொண்ணு, இங்க வா" என்று அவர் கூப்பிட்டாலே என் தோள் இறுகுகிறது. அப்படியே என் பெரியம்மா குரல். பள்ளி விடுமுறையெல்லாம் அவர் வீட்டில்தான் கழிந்தது. நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம். அதற்கு இந்த அம்மா என்ன செய்வார், பாவம்?

நோயாளியைப் பார்த்து நமக்குள் கிளம்பும் நம் சொந்த உணர்வுகளை 'கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஃபிராய்டு 1910-லேயே பேசிய விஷயம். நர்ஸ் எப்படிப்பட்ட ஆளாக இருக்கிறார் என்பதே நோயாளிக்குக் கிடைப்பதை மாற்றும் என்று நர்சிங் அறிஞர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் எழுதினார். அதையும் மனப்பாடம் செய்தோம். தோள் இறுகும் என்று எந்த நோட்ஸிலும் இல்லை.

ஜூலை 22

ஜன்னலோரத்திலிருந்து ஆரம்பித்தேன். திட்டு வழக்கம்போல விழுந்தது, தோளும் இறுகியது. சரி, இறுகட்டும். மேனியாவுக்கு லித்தியம் மருந்து போய்க்கொண்டிருக்கிறதே, அதனால் கை நடுக்கம் இருக்கிறதா பார்க்கலாமென்று விரல்களை நீட்டச் சொன்னேன். "என்ன, மோதிரம் போடப் போறியா?" என்றார். சிரித்துவிட்டேன்.

ஜூலை 27

நைட் டியூட்டி, ஆண்கள் வார்டு. இருபது வயதுப் பையன் ஒருவன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தான். உட்கார்ந்தால் கால் மாற்றிக் கால் ஆட்டம், அடுத்த நிமிடம் மறுபடி நடை. அட்டெண்டர் அண்ணன் இரண்டு தடவை அதட்டிப் பார்த்தார். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இது வெறும் தூக்கக் கலக்க எரிச்சல் இல்லை. அவனைப் பார்க்கப் பார்க்க என் காலும் பரபரத்தது. அதுதான் என்னை நிறுத்தியது. கூப்பிட்டு, "உள்ளுக்குள்ள எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"மனசு சரியாத்தான் இருக்குக்கா. கால்தான் உட்கார விடமாட்டேங்குது."

மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் மருந்தின் டோஸைச் சமீபத்தில்தான் கூட்டியிருந்தார்கள். இது அகதீசியா, அந்த மருந்தின் பக்கவிளைவாக உட்கார விடாமல் உடம்பு பரபரப்பது. இதை நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மருந்தை இன்னும் கூட்டினால் அவஸ்தைதான் கூடும். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். ஹாலோபெரிடாலைக் குறைத்து, பரபரப்பைத் தணிக்கப் புரோப்ரனலால் எழுதினார்.

எரிச்சல் வந்தால் 'அடங்காதவன்' என்று ஒரு முத்திரை குத்திவிடுவது எங்கள் வேலையில் ரொம்பச் சுலபம். அந்த முத்திரை அடுத்த ஷிஃப்டுக்கும் போய்ச் சேரும். ஹேண்ட் ஓவரில் நோயாளிகளைப் பற்றி மட்டுமா சொல்கிறோம்? நம் மூடையும் சேர்த்துத்தான் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

ஆகஸ்ட் 2

ஆஃப். நல்ல தூக்கம்.

ஆகஸ்ட் 6

2001-இல் இதே தேதியில்தான் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீ விபத்து. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். இப்போது 2017 மனநலச் சட்டப்படி சங்கிலிக்கே தடை. கட்டிவைப்பதும் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான். தண்டனையாகவோ பயமுறுத்தவோ கூடாது, காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதியாக வேண்டும்.

மதியம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஸ்டூலைத் தூக்கிவிட்டார். எனக்கு வாய் உலர்ந்து குரல் மேலே போனது. குரல் போன உயரத்தை வைத்துத்தான் பயந்திருக்கிறேன் என்றே தெரிந்தது. அவருக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக நகர்ந்து, கதவுப் பக்கம் வழியை விட்டு, "அண்ணே, தண்ணி வேணுமா?" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம் ஸ்டூலைக் கீழே போட்டுவிட்டு, "ஐஸ் தண்ணி" என்றார். இன்று கட்ட வேண்டி வரவில்லை. எல்லா நாளும் இப்படி அமையாது. ஆபத்து அவரிடம் எவ்வளவு, என் பயத்தில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள அரை நிமிடமாவது கிடைக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள ஷிஃப்டில் முதலில் பறிபோவது அந்த அரை நிமிடம்தான். இதைத் தனி நர்ஸின் பக்குவம் என்று மட்டும் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆகஸ்ட் 14

காலேஜ் படிக்கும் பெண், தற்கொலை முயற்சிக்குப் பிறகு சேர்த்தவள், இன்று டிஸ்சார்ஜ். "உனக்கு அவ மேல மட்டும் என்னடி தனிக் கரிசனம்?" என்று சீனியர் அக்கா போன வாரமே கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பிடிக்காதவர்களிடம் தோள் இறுகுகிறது, தெரிந்துவிடுகிறது. பிடித்தவர்களிடம் உடம்பு ஒன்றுமே சொல்வதில்லை. நல்ல நர்ஸாக இருக்கிறோம் என்றுதான் தோன்றுகிறது. அவளிடம் நான் உட்கார்ந்த நேரம் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கிடைக்காத நேரம்.

போகும்போது என் நம்பர் கேட்டாள். கொடுக்கவில்லை. முகம் வாடியது, எனக்கும் கஷ்டமாக இருந்தது. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸின் நம்பர் 14416-ஐ அவள் நோட்டில் எழுதினேன். "ராத்திரியும் எடுப்பாங்க. செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்கு வா, நான் இல்லாட்டியும் வேற சிஸ்டர் இருப்பாங்க" என்றேன். மாத்திரையை வீட்டில் யார் பத்திரப்படுத்துவது என்று அவள் அண்ணனிடம் மறுபடி ஒரு தடவை பேசி அனுப்பினேன்.