தலைகீழாக நின்ற இரண்டு எண்கள்

இன்று லேபில் ஒரு பெரியவரின் ரிப்போர்ட். தொழுநோய், அதுவும் கிருமி அதிகமுள்ள வகை. ரத்தப் புரதங்களில் ஆல்புமின் 2.9, குளோபுலின் 4.6 (டெசிலிட்டருக்கு கிராம்). வழக்கமாக ஆல்புமின்தான் கூடுதலாக இருக்கும், இங்கே தலைகீழ். மெஷின் மேல் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன், அதே கதைதான்.

இந்த வகையில் உடம்பு எதிர்ப்புப் புரதங்களைக் குவித்துத் தள்ளுகிறது; அவையும் குளோபுலின் வகைதான், அதனால்தான் குளோபுலின் ஏறுகிறது. ஆனால் கிருமி செல்லுக்குள்ளேயே குடியிருப்பதால் அவற்றால் பெரிய பயனில்லை. பாவம், இவ்வளவு உழைப்பும் வீண். ஓரிரு தேமலோடு நிற்கும் இன்னொரு தொழுநோய் வகையில் இந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது.

அப்புறம் இன்னொரு வம்பு: இவர்களுக்கு விடிஆர்எல் சோதனை (மேகநோயான சிபிலிஸுக்குச் செய்யும் ரத்தப் பரிசோதனை) சில நேரம் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். மேகநோய் என்று வீட்டில் ரகளையே நடக்கும். இவருக்கும் காட்டியது. "உறுதிச் சோதனை வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் ஐயா" என்று சொல்லித்தான் சீட்டைக் கொடுத்தேன்.